கார் வாங்கலாமா? எந்தக் கார் வாங்கலாம்?

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு

மாலை மணி 6. திருச்சுழியில் இருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் சாலை.

ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. அப்பா ஓட்டுகிறார். பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பையன். அப்பாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. கடைசியில் அம்மா. அவள் மடியில் ஒரு பெரிய பை.

வண்டி ஒன்று. உயிர் நான்கு!

எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் விளக்கு கண்ணைப் பறிக்கிறது. அம்மா, மகளை இறுக்கிப் பிடித்துக் கொள்கிறாள். லாரி போன பிறகுதான் அவளுக்கு மூச்சு வருகிறது.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும், அந்த வீட்டில் பேச்சு எழுகிறது.

"என்னங்க, நாமளும் ஒரு கார் வாங்கினா என்ன?"

இந்தப் பேச்சு ஒரு வீட்டில் மட்டும் எழுவது அல்ல. அருப்புக்கோட்டையின் தறிக்காரர் வீடுகளிலும், கடைக்காரர் வீடுகளிலும், பள்ளி ஆசிரியர் வீடுகளிலும் இன்று எழுகிற பேச்சுதான் இது.

கார் வாங்கலாமா? வாங்கினால் எந்தக் கார் வாங்கலாம்? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆசை தப்பா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் வாங்க ஆசைப்படுவது தப்பு அல்ல.

மோட்டார் சைக்கிளில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர்தான் உட்காரலாம். இது சட்டம். நான்கு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும். இதுவும் சட்டம்தான்.

சட்டம் எதற்காக வந்தது? 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் செத்தார்கள். அவர்களில் 100-க்கு 44 பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17 ஆயிரத்து 884 பேர் மாண்டார்கள்.

ஆகவே, "என் பிள்ளைகள் நாலு சக்கரத்துக்கு நடுவே பத்திரமாகப் போக வேண்டும்" என்று ஒரு தாய் நினைத்தால், அதை ஆடம்பரம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

எல்லோர் வீட்டிலும் கார் வந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 குடும்பங்களில் 7 அல்லது 8 குடும்பத்துக்குத்தான் கார் உண்டு. கேரளத்தில் 24. தமிழ்நாட்டில் 6 அல்லது 7 தான்!

இன்னும் 90-க்கு மேற்பட்ட குடும்பங்கள் கார் வாங்கவில்லை. அவர்கள் எந்தக் காரை வாங்கப் போகிறார்கள்? நாட்டின் காற்றும் மழையும் ஓரளவு அந்தப் பதிலில்தான் இருக்கின்றன.

பிளசர் காலம்

நம் பாட்டன் காலத்தில் காருக்குப் பெயர் "பிளசர்". ஊருக்கு ஒன்று இருந்தால் பெரிது. மில் முதலாளி வீட்டில் இருக்கும். ஜமீன் வீட்டில் இருக்கும். கல்யாண மாப்பிள்ளை ஊர்வலம் போக அதை இரவல் கேட்பார்கள். அதன் பின்னால் புழுதியில் ஓடிய பையன்கள்தான் இன்றைய தாத்தாக்கள்.

அப்புறம் அம்பாசடர் வந்தது, பியட் வந்தது. காசு கையில் இருந்தாலும் கார் கிடைக்காது. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1983 டிசம்பர் 14-ந் தேதி அந்த நிலை மாறியது. அன்றுதான் மாருதி 800 காரின் முதல் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை 47 ஆயிரத்து 500 ரூபாய். சின்ன வண்டி. சின்ன என்ஜின். ஆனால் குமாஸ்தாவும், டாக்டரும், கடைக்காரரும் கார் கனவு காணலாம் என்று சொன்ன வண்டி அது.

மழையில் நனைந்த குடும்பம்

இன்னொரு காரின் கதையையும் சொல்ல வேண்டும். அது டாட்டா நானோ.

ஒரு நாள் மழையில் ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் போவதை ரத்தன் டாட்டா பார்த்தார். அப்பா, அம்மா, குழந்தைகள் எல்லோரும் ஒரே ஸ்கூட்டரில்! இவர்களுக்கு ஏற்ற விலையில் ஒரு கார் செய்ய முடியாதா என்று நினைத்தார். நானோ பிறந்ததற்குக் காரணமாக அவரே சொன்ன கதை இது.

2008 ஜனவரி 10-ந் தேதி அந்தக் காரை அவர் உலகுக்குக் காட்டினார். "ஒரு லட்சம் ரூபாய் கார்" என்று ஊரெல்லாம் பேச்சு. 2009-ல் கார் விற்பனைக்கு வந்தது.

அப்போதே இரண்டு குரல்கள் எழுந்தன. "ஏழைக் குடும்பமும் பத்திரமாகப் போகட்டும்" என்றது ஒரு குரல். "ஆளுக்கு ஒரு கார் என்றால் ரோடு என்ன ஆகும்? காற்று என்ன ஆகும்?" என்றது மற்றொரு குரல்.

இரண்டிலும் நியாயம் இருந்தது.

ஆனால் நானோ ஜெயிக்கவில்லை. 2018-ல் அதைச் செய்வதே நின்றுவிட்டது. ஏன்? "மலிவுக் கார்" என்ற பெயரே அதற்கு வினையாகிவிட்டது. மலிவுக் காரில் போய் இறங்க ஜனங்கள் கூசினார்கள்!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கார் வாங்குகிறவர்கள் சவாரியை மட்டும் வாங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்வையையும் சேர்த்து வாங்குகிறார்கள். அந்தப் பார்வைக்குத்தான் விலை அதிகம்.

அப்பத்தா சொன்ன நியாயம்

மோட்டார் சைக்கிள் குடும்பத்துக்குத் திரும்புவோம். பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட குடும்பம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

அப்பா நாலு விசைத்தறி வைத்திருக்கிறார். அம்மா பக்கத்துக் கிராமத்தில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள். வீட்டில் அப்பத்தா.

அப்பா சொல்கிறார்: "வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்குவோம். ஏழு பேரு உட்காரணும். நல்ல உசரமா இருக்கணும். குலதெய்வக் கோயிலுக்கு எல்லாரும் ஒண்ணாப் போகலாம்ல?"

அம்மா கேட்கிறாள்: "கோயிலுக்கு வருஷத்துக்கு எத்தனை தடவைங்க போறோம்?"

"ரெண்டு தடவை."

"மத்த நாளு?"

அப்பா பேசவில்லை. அப்பத்தா வாயைத் திறக்கிறாள்.

"ஏப்பா, கல்யாணத்துக்குப் பொங்குன அண்டா பரண்ல கிடக்கு. அதுலயா தினம் உலை வைக்கிறோம்? நாலு பேருக்கு நாலு படிச் சட்டி. கல்யாணம் வந்தா அண்டா. அம்புட்டுத்தானே?"

அப்பத்தா பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் கார் வாங்கும் கலையை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

தினமும் பொங்குகிற சோற்றுக்கு ஏற்றதாகச் சட்டி இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நாள் வருகிற விருந்துக்காக அண்டாவை அடுப்பில் ஏற்றினால், விறகுதான் வீண்.

ரூபாய்க் கணக்கு

ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு மாதத்துக்கு, எங்கே போனீர்கள், எத்தனை பேர் போனீர்கள், எத்தனை கிலோ மீட்டர் போனீர்கள் என்று தினமும் எழுதுங்கள். அதன் பிறகு கார்க் கடைக்குப் போங்கள்.

பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் அல்லது இருவர் போன நாட்களே அதிகம் இருக்கும். நான்கு பேரும் சேர்ந்து போன நாட்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. ஏழு பேர் போனது? அப்பத்தாவின் அண்டாக் கணக்குத்தான்.

கடனுக்கு வருவோம். 8 லட்சம் ரூபாய் கடன், 100-க்கு 9 ரூபாய் வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை சுமார் 12 ஆயிரத்து 900 ரூபாய். ஏழு ஆண்டில் கட்டி முடிக்கும்போது மொத்தம் 10 லட்சத்து 81 ஆயிரம் ஆகும். வட்டி மட்டும் 2 லட்சத்து 81 ஆயிரம்!

கடன் 4 லட்சமாக இருந்தால் எல்லாம் பாதிதான்.

பெட்ரோலைப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 10 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 18 கிலோ மீட்டர் கொடுக்கும் சின்னக் காருக்கு 555 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 12 கிலோ மீட்டர் கொடுக்கும் பெரிய காருக்கு 833 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு வித்தியாசம் 27 ஆயிரத்து 800 ரூபாய்.

அந்தப் பணத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடிக்கலாம். மிச்சப் பணத்தைப் பெண்ணின் படிப்புக்குப் போட்டு வைக்கலாம்.

சர்க்காரின் வரியும் இதே திசையில்தான் போகிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சின்னக் காருக்கு 100-க்கு 18 ரூபாய் வரி. பெரிய காருக்கு 40 ரூபாய். மின்சாரக் காருக்கு 5 ரூபாய்.

புகைக் கணக்கு

ரூபாய்க் கணக்கைப் பர்ஸ் சொல்லிவிடும். புகைக் கணக்கை யார் சொல்வது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது.

"ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைகூட இல்லையே! அதிலிருந்து 2 கிலோவுக்கு மேல் எப்படி வரும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பெட்ரோலில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராண வாயுவோடு சேருகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாது; மூக்குக்கும் தெரியாது. ஆனால் எடை உண்டு.

சின்னக் கார் ஆண்டுக்கு விடுவது சுமார் 1,280 கிலோ. பெரிய கார் விடுவது சுமார் 1,920 கிலோ. வித்தியாசம் 640 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பங்களில் சொன்னால் 25 சிப்பத்துக்கும் மேலே! இது ஒரே ஒரு வீட்டின், ஒரே ஒரு ஆண்டின் வித்தியாசம்.

மழையை நம்பிய மண்

"உலகம் சூடானால் நமக்கு என்ன? அருப்புக்கோட்டை எப்போதும் சூடுதானே!" என்று சிலர் சிரிக்கலாம்.

சிரிக்க முடியாத விஷயம் இது. இது கரிசல் பூமி. வற்றாத ஆறு இங்கே கிடையாது. திருச்சுழிப் பக்கம் ஓடும் குண்டாற்றில் மழை பெய்தால்தான் தண்ணீர். கண்மாய் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் சீமைக் கருவேல். மழை காலத்தில் வராவிட்டால் தாய் தகப்பன் பிழைப்பைத் தேடி வெளியூர் போவதும், வீட்டில் கிழவிகளும் பிள்ளைகளும் இருப்பதும் இந்தச் சீமைக்குப் புதிது அல்ல.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை சராசரி சுமார் 80 சென்டிமீட்டர்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது! நமக்கு ஓர் ஆண்டுக்குக் கிடைப்பதைவிட அதிகமான மழை அங்கே ஒரே நாளில் பெய்துவிட்டது.

அந்த ஒரு மழைக்குக் கார்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று உறுதி. காற்று ஒரு டிகிரி சூடானால், அது 100-க்கு 7 பங்கு அதிகமான நீராவியைத் தாங்கும். பெய்யாதபோது காயும், பெய்தால் கொட்டித் தீர்க்கும். கண்மாய்க்கு வேண்டியது அது அல்ல. நின்று நிதானமாகப் பெய்கிற மழைதான் கண்மாயை நிறைக்கும்.

கார் வாங்கும் தகப்பன், தன் மகன் நாளைக்கு உழப்போகிற, அல்லது குடிக்கப்போகிற தண்ணீரையும் நினைத்துக் கொள்ள வேண்டும்.

மின்சாரக் கார் நல்லதா?

"அப்படியானால் மின்சாரக் கார் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?"

பாதி சரி. பாதி நம் கையில் இருக்கிறது.

மின்சாரக் கார் தெருவில் புகை விடாது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளையின் மூக்கில் நாற்றம் ஏறாது. இது பெரிய நன்மை.

ஆனால் மின்சாரம் எங்கே இருந்து வருகிறது? தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் எந்திரங்கள் ஐந்து இருக்கின்றன. முதல் எந்திரம் 1979-ல் ஓடத் தொடங்கியது. அங்கே எரிவது நிலக்கரி. நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 700 கிராமுக்கு மேல் கரியமில வாயு உண்டாகிறது.

சின்ன மின்சாரக் கார் 100 கிலோ மீட்டர் ஓட சுமார் 15 யூனிட் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 10 ஆயிரம் கிலோ மீட்டருக்கு 1,500 யூனிட். வாயு சுமார் 1,100 கிலோ. சின்னப் பெட்ரோல் காரைவிடக் குறைவுதான். ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை.

100 கிலோ மீட்டருக்கு 20 யூனிட் குடிக்கும் பெரிய மின்சாரக் கார் என்றால்? சுமார் 1,400 கிலோ. சின்னப் பெட்ரோல் காரைவிட அதிகம்! பெட்ரோலைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்யும் புகையையும் சேர்த்தால், பெட்ரோல் கணக்கு இன்னும் கொஞ்சம் ஏறும். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: பச்சைப் பெயர்ப் பலகை மாட்டிய அண்டாவும் அண்டாதான்.

வெயில் என்னும் விளைச்சல்

இங்கேதான் நம் பூமிக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. மழை குறைவு, வெயில் நிறைவு!

பக்கத்துக் கமுதியில் 2016-ல் ஒரு சூரிய மின் நிலையம் எழுந்தது. 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அப்போது உலகத்திலேயே பெரியது அதுதான். "ஒன்றுக்கும் ஆகாத பூமி" என்று சொன்ன மண்ணில் மின்சாரம் விளைகிறது.

அதையே சின்ன அளவில் வீட்டு மொட்டை மாடியிலும் செய்யலாம். 3 கிலோவாட் தகடு போட்டால், நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். தினமும் 30 கிலோ மீட்டர் ஓடும் காருக்கு 4 அல்லது 5 யூனிட் போதும். மீதி வீட்டுக்கு. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் கொண்டு வந்த திட்டத்தில், 3 கிலோவாட் தகடுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவித்தார்கள்.

அருப்புக்கோட்டையில் இருந்து நாலு வழிச் சாலையில் சுமார் 90 கிலோ மீட்டர் போனால் தூத்துக்குடி. அங்கே வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்டது. ஆக, மின்சாரக் கார் என்பது இனி எங்கோ உள்ள சமாச்சாரம் அல்ல. நம் சாலையின் முனையிலேயே நடக்கிற சமாச்சாரம்.

சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி, தினமும் ஒரே வழியில் போய் வரும் வேலை. இந்த மூன்றும் இருக்கிற குடும்பம் மின்சாரக் காரைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களும், அடிக்கடி தொலைதூரம் போகிறவர்களும் அவசரப்பட வேண்டாம்.

பழைய காரா?

"புதுசு எதுக்கு? மதுரையிலே பழைய டீசல் வண்டி பாதி விலைக்குக் கிடைக்குதே!" என்பவர்களும் உண்டு.

பழைய பொருளை வாங்கிப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். புதுக் கார் செய்யவே ஏராளமான இரும்பும் மின்சாரமும் செலவாகின்றன. நன்றாக இருக்கும் காரை இன்னும் பத்து ஆண்டு ஓட்டுவதும் ஒரு தர்மம்.

ஆனால் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் புகைக் கட்டுப்பாடு கடுமையாகியது. அதற்கு முன் வந்த டீசல் வண்டிகள் நுண்ணிய கரித் தூளை அதிகம் கக்கக் கூடியவை. அந்தத் தூள் குழந்தையின் நுரையீரலில் போய் உட்காரும். சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே, பழைய கார் வாங்குகிறவர்கள் வண்டியின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். எந்த வருஷத்து வண்டி, புகைச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போங்கள்.

சின்னக் கார் ஆபத்தா?

"சின்னக் கார் தகரம் மாதிரி. மோதினால் போச்சு" என்ற பேச்சும் உண்டு. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 2014-ல் இந்தியாவின் ஐந்து சின்னக் கார்களை வெளிநாட்டில் மோத விட்டுச் சோதித்தார்கள். ஐந்துக்கும் நட்சத்திரம் பூஜ்யம்!

அந்த அவமானம் நன்மை செய்தது. கம்பெனிகள் விழித்துக் கொண்டன. 2023 அக்டோபர் முதல் இந்தியாவே தன் சொந்தச் சோதனையை நடத்துகிறது. பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். கடைக்காரரிடம் "பாட்டு கேட்கலாமா?" என்று கேட்கும் முன் "குழந்தைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. முன் இருக்கையில் அம்மா குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு போவதை ஊரெங்கும் பார்க்கிறோம். அது அன்பு அல்ல, ஆபத்து. மோதினால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. குழந்தையின் இடம் பின் இருக்கை. பெல்ட்டும் குழந்தை ஆசனமும் கட்டாயம் வேண்டும். பெல்ட் போடாத 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்காக ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டமே சொல்கிறது.

பஸ் இருக்கிறதே!

கார் வந்ததும் பஸ்ஸை மறந்துவிடுகிறோம். அதுதான் பெரிய தப்பு.

அருப்புக்கோட்டையில் இருந்து மதுரை சுமார் 50 கிலோ மீட்டர். ஒருவர் தனியாகக் காரில் போனால் போகும்போது மட்டும் சுமார் 2 லிட்டர் 800 மில்லி செலவு. அதே தூரத்துக்கு ஒரு பஸ் 10 முதல் 12 லிட்டர் டீசல் குடிக்கும். ஆனால் அதில் 50 பேர் போகிறார்கள். தலைக்குக் கால் லிட்டர் கூட ஆகாது!

அதே காரில் நாலு பேர் போனால் தலைக்கு 700 மில்லி. பரவாயில்லை. ஆகவே, குறை காரில் இல்லை. காலியாக ஓடும் மூன்று இருக்கைகளில்தான் இருக்கிறது.

1963-ல் அருப்புக்கோட்டைக்கு விருதுநகரில் இருந்து ரெயில் வந்தது. 2013-ல் அது அகலப் பாதையாக ஓடத் தொடங்கியது. 2021 மே மாதத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழக சர்க்கார் அறிவித்தது. இவையெல்லாம் ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. கார் வைத்திருப்பவர்களும் பஸ்ஸில் ஏற வேண்டும். வசதியுள்ளவர்கள் இறங்கிவிட்ட பஸ்ஸைப் பற்றிக் கேட்க நாதி இருக்காது. நேரத்துக்கு வராது, ஜன்னல் உடைந்தால் மாட்ட ஆள் வராது.

பிள்ளை பார்க்கிறது!

பள்ளிக்கூட வாசலைப் பாருங்கள். ஒரே தெருவில் இருந்து நாலு பிள்ளைகள் நாலு காரில் வந்து இறங்குகிறார்கள். மாலையில் ஏ.சி.க்காக என்ஜினை நிறுத்தாமல் கால் மணி நேரம் காத்திருக்கிறார்கள். நடந்து வருகிற பிள்ளை அந்தப் புகைக்கு நடுவே வீட்டுக்குப் போகிறது.

"அவங்க வீட்டுல பெரிய கார் இருக்கு. நம்ம வீட்டுல ஏன் இல்ல?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் எத்தனையோ தகப்பன்மார் தவணையில் மாட்டிக் கொள்கிறார்கள்.

பதில் சொல்லுங்கள்! "நமக்கு எது வேணுமோ அதை வாங்குவோம். ஊருக்காக வாங்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் காரைவிட நீண்ட நாள் உழைக்கும். கார் 15 ஆண்டில் பழையதாகிவிடும். பிள்ளை கற்றது ஆயுசுக்கும் வரும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. ஒரு மாதப் பயணத்தை நோட்டில் எழுதிப் பார்த்த பிறகே கார் வாங்குங்கள்.

2. தினமும் எத்தனை பேர் போகிறீர்களோ, அதற்கு ஏற்ற கார் வாங்குங்கள். விருந்துக்கு வேன் பிடியுங்கள்.

3. சின்னதாக வாங்குங்கள், ஆனால் நட்சத்திரம் உள்ளதாக வாங்குங்கள்.

4. தவணை, பிள்ளையின் படிப்புச் செலவைத் தொடக் கூடாது.

5. காற்று குறைந்த டயர் பெட்ரோலைக் குடிக்கும். மாதம் ஒரு முறையாவது சரிபாருங்கள்.

6. ஒருவர் தனியாகப் போகிற நாளில் பஸ். நாலு பேர் போகிற நாளில் கார்.

7. காத்திருக்கும்போது என்ஜினை நிறுத்துங்கள்.

சாவி

அந்த வீட்டில் என்ன முடிவாயிற்று?

ஒரு மாதம் நோட்டில் எழுதினார்கள். நாலு பேருக்கான சின்னக் கார் போதும் என்று தெரிந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் பழையபடி பஸ்ஸில்தான் போகிறாள். பிள்ளைகள் இனி டாங்கின் மேல் உட்கார வேண்டாம்.

"பக்கத்து வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்றார் அப்பா, கடைசியாக.

"அவங்களா தவணை கட்டப் போறாங்க?" என்றாள் அம்மா.

அப்பத்தா சிரித்துவிட்டாள்.

கார் வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாவியை வாங்கும்போது உங்கள் பிள்ளையின் கையையும் பிடித்துக் கொள்ளுங்கள். அந்தக் கை நாளைக்கு ஓட்டப்போவது உங்கள் காரை அல்ல. நீங்கள் விட்டுவிட்டுப் போகிற இந்த ஊரை!